காந்தி பாடும் தோடி

1913ஆம் வருஷம் நவம்பர் மாதம் 6ஆம் தேதி காலையில், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் எல்லையோரத்துச் சிற்றூரான சார்லஸ்டவுனிலிருந்து, 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளுமாக ஒரு ஜனத்திரள், அனுமதிச் சீட்டில்லாமல் கடந்தால் சிறைவாசம் என்று சட்டம் மிரட்டிய டிரான்ஸ்வால் எல்லையை நோக்கிக் காந்தியின் தலைமையில் கால்நடையாகப் புறப்பட்டது. நியூகாஸில் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களில் வேலையை நிறுத்திவிட்டு வந்த அந்தக் கூலிகளில் கணிசமானவர்கள் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிப் போன தமிழர்கள், அல்லது அப்படிப் போனவர்களின் பிள்ளைகள். ஒப்பந்த காலம் தீர்ந்த பிறகும் சுதந்திர மனிதராக அங்கே வாழ விரும்பியவர்கள் தலைக்கு வருஷம் 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்ற அநியாயமே அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

அந்த நடை நடந்து 67 வருஷங்களுக்குப் பிறகு, 1980ஆம் வருஷம் செப்டம்பர் 5ஆம் தேதி, ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகரில் அது ஒரு சங்கீத நாடகத்தின் கடைசிக் காட்சியாக மேடையேறிற்று. ‘சத்தியாக்கிரஹா’ என்று பெயர் பெற்ற அந்த ஆப்பெராவை இயற்றியவர், நாற்பத்தொரு வயது வரையில் நியூயார்க் வீதிகளில் டாக்ஸி ஓட்டியும் குழாய் வேலை பார்த்தும் ஜீவனம் நடத்திய ஓர் அமெரிக்கர். பிலிப் கிளாஸ் என்னும் அவர் பெயரை நம்மூர் ரஸிகர்களில் பலர் அறியமாட்டார்கள். அறிந்தவர்களிலும் பாதிப்பேர், சொன்னதையே சொல்லி உயிரை வாங்குகிறவர் என்ற அபிப்பிராயத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்.

‘மினிமலிஸ்ட்’ என்ற முத்திரையை அவர் முதுகில் குத்தியவர்கள் விமரிசகர்கள். அவருக்கு அது பிடித்ததே இல்லை, திரும்பத் திரும்ப வரும் அமைப்புகளால் ஆன சங்கீதம் என்று சொல்லிவிட்டுப் போங்களேன் என்பது அவர் கட்சி. இந்த முத்திரைக்குரியவர்களாக எண்ணப்படுகிறவர்கள் அமெரிக்கர் நால்வர். அவர்களில் லா மாண்ட் யங்கும் டெர்ரி ரைலியும் கிரானா கரானாவைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத்தின் சிஷ்யர்கள். ஸ்டீவ் ரைக் கானா தேசத்துக்குப் போய்த் தோல்வாத்தியம் பயின்றவர். நாலாமவராகிய கிளாஸ், தபேலா மேதை அல்லா ரக்காவிடம் பாடம் கேட்டவர். மேனாட்டின் மிகப் புதிய சங்கீதம் என்று ஆரவாரிக்கப்பட்ட ஒன்றின் வேரைப் பிடித்து இழுத்தால் அது இப்படிக் கீழ்த்திசையிலும் ஆப்பிரிக்காவிலும் வந்து நிற்பதில், புதுச்சேரித் தட்டாஞ்சாவடியில் உட்கார்ந்து இதை எழுதுகிற எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு என்பதை மறைப்பானேன்?

1937ஆம் வருஷம் ஜனவரி 31ஆம் தேதி பால்டிமோர் நகரில் பிறந்தவர் கிளாஸ். தாயார் நூலகர், தகப்பனார் ரேடியோ ரிப்பேரும் இசைத்தட்டு வியாபாரமுமாகக் கடை வைத்திருந்தவர். கடையில் விலைபோகாத தட்டுக்களை அந்த மனிதர் வீட்டுக்கு எடுத்து வந்து, இதை ஏன் ஒருவரும் வாங்கமாட்டேன் என்கிறார்கள் என்று அறிவதற்காகவே இராத்திரி போட்டுக் கேட்பாராம்; கேட்கக் கேட்க அவையே அவருக்குப் பிடித்துப்போய்விட்டன. நவீன சங்கீதம் அந்த வீட்டுக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான். பிள்ளை பதினைந்தாம் வயதிலேயே சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். பிறகு உருக்காலையில் வேலை செய்து சேர்த்த பணத்தோடு நியூயார்க் போய் ஜூலியார்டு சங்கீதப் பள்ளியில் படித்தான். படிப்பெல்லாம் முடிந்து, பட்டமும் பரிசுகளும் பெற்று, 1964-இல் பாரீஸுக்குப் போய் நாதியா புலான்ஜே அம்மையாரிடம் சேர்ந்தபோது, அந்த அம்மாள் அவரை மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கச் சொன்னாள்.

தெருவுக்கு ஒரு சொல்தா (பிரஞ்சுப் பட்டாளத்துக்காரர்) வீடும், வீட்டுக்கு ஒரு பாரீஸ் உறவும் உள்ள புதுச்சேரியில் பாரீஸ் என்றால் ஒருவருக்கும் பிரமிப்பு உண்டாகாது. ஆனால் சங்கீத உலகத்துக்கு அக்காலத்தில் புலான்ஜேயின் வீடு ஒரு குருகுலம். இருபத்தேழு வயது வாலிபர், முதல் வருஷத்து மாணவரைப் போல, பல குரல்களை ஒன்றோடொன்று இழைத்து நடத்தும் பழைய சாஸ்திரத்தை நாள்தோறும் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டித் திருத்தம் வாங்கினார். அந்தச் சாஸ்திரத்தில் மகாபாதகமாகக் கருதப்படுவது, இரண்டு குரல்கள் ஸட்ஜ-பஞ்சம இடைவெளியை விடாமல் ஜோடியாகவே நகர்வது. 1969-இல் கிளாஸ் முழுக்க முழுக்க அந்தப் பாதகத்தாலேயே ஒரு உருப்படியை இயற்றி, ‘ஐந்துகளில் சங்கீதம்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். குருவுக்குச் செய்த நமஸ்காரமா குறும்பா என்று கேட்டால், இரண்டும் என்றே சொல்வேன்.

அதே பாரீஸில்தான் மற்றொரு குரு வாய்த்தார். ‘சப்பாக்குவா’ என்ற சினிமாவுக்குச் சங்கீதம் அமைக்க வந்திருந்த ரவிசங்கர், தாம் பாடிக் காட்டுவதை பிரஞ்சு வாத்தியக்காரர்கள் வாசிக்கும்படி மேனாட்டு லிபியில் எழுதித்தர ஒருவரைத் தேடினார். வேலை கிளாஸுக்குக் கிடைத்தது. எழுதினார், வாசித்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அல்லா ரக்கா, அழுத்தங்கள் தப்பான இடத்தில் விழுகின்றன என்று தலையை அசைத்தார். கோடுகளை இங்குமங்கும் மாற்றிப் பார்த்தும் பிழை தீரவில்லை. எல்லா ஸ்வரங்களும் சமம் என்று அல்லா ரக்கா மீண்டும் மீண்டும் சொல்ல, வெறுத்துப்போன கிளாஸ், மாத்திரைகளைப் பகுத்துக் காட்டும் குறுக்குக் கோடுகளை ஒன்று விடாமல் அழித்தார். அழித்ததும், நாலு நாலாக வெட்டி வைத்த காலம் மறைந்து, இரண்டும் மூன்றுமான சின்னச் சின்ன எண்ணிக்கைகளைப் பூத்தொடுப்பவள் போல ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய ஓர் ஓட்டம் காகிதத்தில் தெரிந்தது. 1967-இல் நியூயார்க் திரும்பியபின் அவர் அல்லா ரக்காவிடமே முறையாகத் தபேலா பாடம் கேட்டார்.

இந்த விஷயத்தை நான் விளங்கிக்கொண்டது புஸ்தகத்திலிருந்து அல்ல. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவர் இருக்கிறார். பகலெல்லாம் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை வேலை, சாயங்காலமானால் பஜனை கோஷ்டிக்கு மிருதங்கம். கிளாஸ் 1968-இல் இயற்றிய ‘இரண்டு பக்கங்கள்’ என்ற உருப்படியைத் திண்ணையில் வைத்து நான் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார்.

“இன்னா ஸார், பாட்டு சிக்கிக்கிச்சு போலிருக்கே?”

“சிக்கலைங்க. அவர் வாசிப்பே அப்படித்தான். கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்களேன்.”

உட்கார்ந்தார். அந்த உருப்படியில் இருப்பது மொத்தம் ஐந்தே ஸ்வரங்கள்: நம் கணக்கில் சொன்னால் மந்தரஸ்தாயிப் பஞ்சமத்தில் தொடங்கி, ப ஸ ரி க ம. எல்லா வாத்தியங்களும் அதையே ஒருமித்து, ஒரே வேகத்தில், ஏற்ற இறக்கம் ஏதுமின்றி வாசிக்கின்றன. ஐந்தையும் பல தடவை வாசித்தபின், ஐந்தோடு அதன் முதல் நாலு ஸ்வரங்களைச் சேர்க்கிறார்கள், பிறகு அதனோடு முதல் மூன்று, பிறகு இரண்டு. நண்பர் கொஞ்ச நேரம் தொடையில் விரல் மடக்கிக்கொண்டிருந்தார். பிறகு, “தகதகிட... தகதகிட தகதிமி... தகதகிட தகதிமி தகிட தக” என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தவர் நிமிர்ந்து, “அட, அஞ்சு நாலு மூணு ரெண்டு! கோபுச்சம்தானே ஸார் இது?” என்றார்.

வாஸ்தவம். பசுவின் வால் போலப் பெரிதில் தொடங்கிச் சிறுத்துக்கொண்டே வருவது கோபுச்ச யதி. முத்துஸ்வாமி தீக்ஷிதர் ஆனந்தபைரவியில் ‘தியாகராஜ யோக வைபவம்’ கீர்த்தனத்தில் ஸாஹித்யத்திலேயே அதைச் செய்து காட்டியிருக்கிறார். ஆனால் நண்பர் அதோடு விடவில்லை. “சரி ஸார், கணக்கு இருக்குது. தாளம் எங்க? எங்க வந்து விழப் போறாரு?” என்று கேட்டார்.

கிளாஸைப் பற்றி நான் படித்த விமரிசனங்களில் எதுவும் இவ்வளவு கூர்மையாக விஷயத்தைத் தொட்டதில்லை. நம் கணக்கின் ருசியெல்லாம் அது வந்து சேரும் இடத்தில் இருக்கிறது; கோர்வை எவ்வளவு தூரம் சுற்றினாலும் எடுப்பில் வந்து பொருந்தும் அந்த க்ஷணத்துக்காகவே ஸபை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கிளாஸ் கூட்டலை எடுத்துக்கொண்டார். வந்து விழும் இடத்தை அந்த நாட்களில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆவர்த்தனம் என்ற வட்டத்தை அவர் தம் சங்கீதத்தில் பிரயோகித்தது சில வருஷங்கள் கழிந்த பிறகுதான். குருவிடம் பாதியைத்தான் பெற்றார் என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவர் செய்த காரியம் சாமானியமல்ல.

அந்த நாட்களில் அதற்குக் கிடைத்த வரவேற்பை விஸ்தரிக்க வேண்டியதில்லை. ஆம்ஸ்டர்டாம் கச்சேரியொன்றில் எரிச்சலடைந்த ஒருவன் மேடையேறி வாத்தியத்தின் கட்டைகளை அறையத் தொடங்க, கிளாஸ் ஒரு கையால் அவன் முகவாயில் குத்திவிட்டு மறு கையால் வாசிப்பை நிறுத்தாமல் நடத்தினார். அஹிம்சாமூர்த்தியைப் பற்றிப் பின்னால் நாடகம் எழுதப்போகிறவர் செய்த காரியம் இது! வயிற்றுப்பாட்டுக்கு மூட்டை முடிச்சு ஏற்றும் வேலை, குழாய் வேலை, டாக்ஸி. கலை விமரிசகர் ராபர்ட் ஹியூஸ் ஒருநாள் தம் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவும் யந்திரத்தைப் பொருத்திக்கொண்டிருந்தவர் பிலிப் கிளாஸ் என்று கண்டு திடுக்கிட்டு, நீங்கள் கலைஞராயிற்றே என்று பதறினார். கலைஞன்தான், சில சமயம் குழாய்க்காரனும்கூட, வேலையை முடிக்க விடுங்கள் என்பதாகப் பதில் வந்தது. 1976-இல் ராபர்ட் வில்சனோடு சேர்ந்து படைத்த ‘கடற்கரையில் ஐன்ஸ்டீன்’ பிரான்சின் அவிஞோனில் அரங்கேறி, அந்த வருஷமே நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பெரா மாளிகையில் இடம் கொள்ளாத கூட்டத்தோடு நடந்தது, மிச்சம் கடன்தான். மறுபடியும் டாக்ஸிக்கு வந்தார். வண்டியில் ஏறிய ஒரு சீமாட்டி, ஓட்டுநர் சீட்டில் இருந்த பெயரைப் பார்த்து, பிரபலமான ஒரு சங்கீதக்காரரின் பெயர் உமக்கும் வாய்த்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டாளாம்.

‘சத்தியாக்கிரஹா’ அதற்கு அடுத்தபடி. அறுபதுகளிலிருந்தே இந்தியாவுக்கு வந்து போய்க்கொண்டிருந்த கிளாஸ், தண்டி யாத்திரையின் பழைய செய்திப்படம் ஒன்றைக் காலிம்பாங்கில் பார்த்ததிலிருந்து காந்தியை மறக்க முடியாதவரானார். ஆனால் நாடகத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது தண்டியை அல்ல. அதற்கு முந்திய தென்னாப்பிரிக்க நாட்களை. காட்சிகள் கால வரிசையில் வருவதில்லை. மூன்று அங்கங்களுக்கும் டால்ஸ்டாய், தாகூர், (மார்ட்டின் லூதர்) கிங் என்று பெயர். அந்தந்தப் பெரியவர் மேலேயிருந்து மௌனமாக நடப்பதைப் பார்த்திருப்பார். பாடப்படும் வார்த்தைகள் முழுவதும் பகவத் கீதையிலிருந்து, ஸம்ஸ்கிருதத்திலேயே எடுக்கப்பட்டவை. மேடையில் நடக்கும் சரித்திரத்தை அவை வர்ணிப்பதில்லை. டர்பனில் கல்லெறிந்து துரத்திய கும்பலிடமிருந்து போலீஸ் சூப்பிரண்டின் மனைவி தன் குடையை விரித்துக் காந்தியைக் காப்பாற்றுகிற காட்சியிலும் காதில் விழுவது கீதைதான். வாத்தியங்களில் பித்தளைக் குழல்கள் இல்லை. தோல்வாத்தியம் ஒன்றுகூட இல்லை. தந்திகளும் மரக்குழல்களும் ஆர்கனும் மாத்திரம்.

தாளம் எங்கே என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது இந்த நாடகத்தில். ‘இந்தியன் ஒபினியன்’ பத்திரிகை அச்சாகும் காட்சிக்குக் கிளாஸ் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தை, கர்ம யோகத்தை, எடுத்துக்கொண்டார். பலனில் பற்றில்லாமல் செய்ய வேண்டியதை இடைவிடாமல் செய் என்று கண்ணன் சொல்வதை, எங்கே போய் முடியும் என்ற எதிர்பார்ப்பையே எழுப்பாத ஒரு சங்கீதம் சுமந்து செல்கிறது. எழுத்துக் கோப்பதும், பத்திரிகை மடிப்பதும், மறுபடி மறியலுக்குப் போய் மறுபடி சிறைக்குப் போவதும், நாளை வரி நீங்குமா என்று தெரியாமல் இன்றைக்கு இன்னும் ஒரு காத தூரம் நடப்பதுமாகிய வாழ்க்கைக்கு எடுப்பு ஏது, முத்தாய்ப்பு ஏது? பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் ஐந்து ஸ்வரங்களை வைத்துக்கொண்டு வெறும் பிடிவாதமாகத் தோன்றிய ஒரு முறை, தனக்குரிய கதையை இங்கே கண்டுகொண்டது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

தென்னாப்பிரிக்கப் போராட்டம் நடந்த அந்த வருஷங்களில் நம் புதுச்சேரியிலும் கீதை ஓதப்பட்டுக்கொண்டிருந்ததை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. 1908 முதல் 1918 வரையில் இங்கே தஞ்சம் புகுந்திருந்த பாரதியார் அதைத் தமிழாக்கினார்; ஸ்ரீ அரவிந்தர் 1916 முதல் ‘ஆரியா’ பத்திரிகையில் அதைப் பற்றிய வியாசங்களை எழுதினார். நேட்டாலில் அதே புஸ்தகத்தைக் கையிலேந்திய ஒருவருக்குப் பின்னால் தமிழர் நடந்தார்கள். பிரஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரித் துறையிலிருந்தும் காரைக்கால் துறையிலிருந்தும் ரெயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி அனுப்பிய ஊர்க்காரர்கள் நாம். ஒப்பந்தக் கூலிகளின் கதை நமக்கு அயலார் கதை அல்ல.

ஆகையால் ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பெரிய நாடகத்தில் ஒரு தமிழ் வார்த்தை இல்லை. பாத்திரங்களில் ‘மிஸஸ் நாயுடு’ என்று ஒரு பெண்மணி வருகிறார். மொரீஷியஸில் பிறந்த தமிழரும் காந்தியின் வலக்கை போன்றவருமான தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் அவர். 1913-இல் கைக்குழந்தைகளோடு நியூகாஸிலுக்குப் போய்ச் சுரங்கக் கூலிகளிடம் பேசி வேலையை நிறுத்தச் செய்த பதினொரு பெண்களில் ஒருவர். அந்தப் பதினொருவரில் அநேகமாக எல்லோரும் தமிழர். அவர்கள் கூலிகளிடம் பேசியிருக்கக்கூடிய பாஷை எது என்று சொல்லவும் வேண்டுமோ? சபையோர் அர்த்தத்தைத் துரத்தாமல் சங்கீதத்தைக் கேட்கட்டும் என்பதற்காகவே கிளாஸ் ஒருவரும் பேசாத பாஷையை வைத்தார், அதை நான் ஏற்கவும் செய்கிறேன், ஆனாலும் உறுத்துகிறது. இதில் இன்னொரு விசித்திரம்: ‘இந்தியன் ஒபினியன்’ காட்சிக்கு நாடகம் குறிக்கும் வருஷம் 1906, 1903-இல் நாலு பாஷைகளில் தொடங்கிய அந்தப் பத்திரிகையில் தமிழ்ப் பகுதி நின்றுபோனதும் அதே 1906-இல். சிறையில் கண்ட ஜுரத்தால் 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் உயிர்விட்ட வள்ளியம்மைக்கும் நாடகத்தில் இடமில்லை. இங்கிருந்து காரைக்கால் போகிறவர்கள் தரங்கம்பாடியருகே கொஞ்சம் உள்ளே திரும்பினால் தில்லையாடியில் அந்தப் பெண்ணுக்கு நினைவு மண்டபம் இருக்கிறது.

குறையெல்லாம் கடைசிக் காட்சியில் எனக்கு மறந்துபோகிறது. நடந்தவர்களையெல்லாம் கைது செய்து கொண்டுபோய்விட்டார்கள், இராத்திரி, காந்தி தனியே நின்று, தர்மம் நலிகிற போதெல்லாம் நான் வருகிறேன் என்னும் நாலாம் அத்தியாயத்துச் சுலோகங்களைப் பாடுகிறார். பாட்டு என்றால், எட்டு ஸ்வரங்கள் கீழிருந்து மேலே ஏறுகின்றன, அவ்வளவுதான். மேனாட்டார் பிரீஜியன் என்று சொல்லும் அந்த ஏணியின் படிகள் நம் தோடி ராக ஆரோஹணத்தின் ஸ்வர ஸ்தானங்களேயாகும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தில் தோடியைக் கேட்ட காதுக்கு இது தோடியே அல்ல. காந்தாரத்திலும் தைவதத்திலும் அசைவில்லாமல், கமகம் என்பதே தெரியாத ஒரு குழந்தை பாடுவது போல வரும். அவரோஹணமும் கிடையாது, ஏறி முடிந்ததும் மறுபடி கீழிருந்து ஏற வேண்டியதுதான். இப்படி முப்பது தடவை. ஏழெட்டுத் தடவையில் பொறுமை போகிறது; பதினைந்தில் கோபமும் போகிறது; அதற்குப் பிறகு எண்ணுகிறவன் இல்லை. பிள்ளைவாள் அரைமணி நேரத்தில் காந்தாரத்தை வைத்துக்கொண்டு நம்மை எங்கேயோ கொண்டுபோய் விடுவார் அல்லவா, அதற்கு நேர் எதிரான பாதையில் இந்த மனிதர் அதே எல்லைக்கருகே வந்துவிடுகிறார்.

பிற்கால விவரங்களைச் சுருக்கிக்கொள்ளலாம். எகிப்திய அரசன் ‘அக்நாடென்’ பற்றிய ஆப்பெரா 1984-இல் வந்தது. ஐன்ஸ்டீன், காந்தி, அக்நாடென் மூவரும் சேர்ந்து ஒரு முத்தொகுதி. தலாய் லாமாவைப் பற்றிய ‘குந்துன்’, ‘தி அவர்ஸ்’ முதலிய சினிமாக்களால் பணமும் பெயரும் பெருகின. பல படங்களுக்கு ஒரே அச்சில் வார்த்துக் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டில் நியாயமுண்டு. 1990-இல் ரவிசங்கரோடு சேர்ந்து ‘பாஸேஜஸ்’ என்ற தொகுப்பை வெளியிட்டார்; ஒருவர் கொடுத்த ஸ்வரங்களை மற்றவர் வளர்த்த அந்த முயற்சியில், பாரீஸில் எழுத்தராக உட்கார்ந்த வாலிபர் சரியாசனம் பெற்றார். 2011 டிசம்பர் 1ஆம் தேதி ‘சத்தியாக்கிரஹா’வின் நியூயார்க் காட்சி முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது, செல்வந்தர் ஆதிக்கத்தை எதிர்த்து மறியல் செய்தவர்களைப் போலீஸார் தடுப்புக்கு அப்பால் நிறுத்தியிருந்தார்கள், கிளாஸ் அவர்களிடம் போய் நாடகத்தின் கடைசிச் சுலோகத்தை ஆங்கிலத்தில் சொல்ல, அவர் சொன்ன ஒவ்வோர் அடியையும் கூட்டம் திருப்பிச் சொல்லிற்று.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் ‘இரண்டு பக்கங்க’ளில் தயவுசெய்து தொடங்க வேண்டாம், மிருதங்கம் தெரிந்தவர்களுக்கு மாத்திரம் அதைச் சிபாரிசு செய்கிறேன். மற்றவர்கள் ‘சத்தியாக்கிரஹா’வின் மூன்றாம் அங்கத்தை முதலில் கேட்டுவிட்டு, அது பிடித்தால் முதல் அங்கத்துக்குப் போகலாம். இரண்டாம் அங்கத்தில் அந்த டர்பன் கும்பல் சிரிக்கிற காட்சியைச் சப்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பது நல்லது. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வரக்கூடும்.